93,000 பேரும் ஒரு பட்டியலும்

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தபோது, படையினரும் பொதுமக்களுமாக ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் பிடிக்குள் வந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின், 2025 ஜூலை 1 அன்று, தன் சிறைகளில் உள்ள பாகிஸ்தானியர் என்று இந்தியா கொடுத்த பட்டியலில் 382 சிவில் கைதிகளும் 81 மீனவர்களும் இருந்தனர். அதே நாளில், தன் சிறைகளில் உள்ள இந்தியர் என்று பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் 53 சிவில் கைதிகள், 193 மீனவர்கள்.

1971 போருக்குப் பின் கைதிகளைப் பற்றிப் பேசியவர்கள் நாடுகளின் தலைவர்கள். ஆனாலும் 1972 ஜூலையில் இந்தியாவின் இந்திரா காந்தியும் பாகிஸ்தானின் புட்டோவும் செய்துகொண்ட சிம்லா ஒப்பந்தம், கைதிகள் திரும்புவதைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றே விட்டது. சரணாகதி இந்திய, வங்கதேசக் கூட்டுப் படையிடம் நடந்ததால் வங்கதேசத்தின் இசைவு வேண்டும் என்றது இந்தியா. சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்ற ஜெனீவா உடன்படிக்கையைச் சுட்டியது பாகிஸ்தான். வங்கதேசமோ 195 பேரைப் போர்க்குற்றத்துக்காக விசாரிக்க விரும்பியது.

இந்தியாவின் பி.என்.ஹக்சரும் பாகிஸ்தானின் அஜீஸ் அகமதுவும் 1973 ஆகஸ்ட் 28 அன்று டெல்லியில் ஒரு வழி கண்டனர். போர்க்கைதிகள் பாகிஸ்தானுக்கும், பாகிஸ்தானில் சிக்கியிருந்த வங்காளிகள் வங்கதேசத்துக்கும் ஒரே காலத்தில் புறப்பட்டனர். 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரலில் மூன்று நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 195 பேர் மீதான விசாரணை கைவிடப்பட்டது. அம்மாத இறுதியில் டாக்காவில் சரணடைந்த தளபதி நியாஜியும் வாகா எல்லையைக் கடந்தார். அமைதிக்கு வங்கதேசம் கொடுத்த விலை, நடக்காமல் போன அந்த விசாரணை.

இன்று தலைவர்கள் உட்கார வேண்டியதில்லை, தேதி இருக்கிறது. 2008 மே மாத ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் பட்டியல்கள் கைமாறும். கைதானவரை மூன்று மாதத்துக்குள் தூதரக அதிகாரி சந்திக்கலாம். தண்டனை முடிந்து, எந்நாட்டவர் என்பது உறுதியானால் ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். 2025 மே மாதம் இரு நாடுகளும் ஏவுகணைகளால் மோதின. அதற்குச் சில வாரங்கள் முன்பு சிம்லா ஒப்பந்தத்தையே நிறுத்திவைப்போம் என்றது பாகிஸ்தான். அப்படியிருந்தும் ஜூலைப் பட்டியல் தவறவில்லை. இது சிறிய ஆதாயமன்று.

ஆனால் பெயர் பட்டியலில் ஏறுவது வேறு, ஆள் வீடு திரும்புவது வேறு. தண்டனை முடிந்தும் 159 இந்தியர் பாகிஸ்தானில் இருப்பதாக அந்த ஜூலையில் இந்தியா சொன்னது. அன்றைய கைதிக்குப் பின்னால் ஒரு படையும் அரசும் நின்றன. இன்றைய கைதி பெரும்பாலும் எல்லை தீராத கடலில் மீன் தேடிப் போன குஜராத்துக்காரர்; படகும் போய்விடும். 1971 போரில் காணாமல் போன 54 இந்தியப் படையினர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக இந்தியா நம்புகிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. பாகிஸ்தான் கொடுத்த எந்தப் பட்டியலிலும் அவர்கள் ஏறியதில்லை.

இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிறைகளுக்கே சென்று கைதிகளைப் பார்க்கும் குழு ஒன்று 2007-இல் அமைந்தது. அது 2013 அக்டோபருக்குப் பின் கூடவில்லை. புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. அந்தக் குழுவை மறுபடி கூட்டுவதே இரு அரசுகளும் செய்ய வேண்டிய முதல் வேலை.