சோம்பலா, மனச்சோர்வா?

தேர்வுக் கவலை தேர்வு முடிந்தால் போய்விடும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு வாரமாகத் தினமும் மனம் கனத்திருக்கும்; பிடித்த விளையாட்டும் பிடிக்காது; தூக்கமும் பசியும் மாறும்; படிக்க உட்கார்ந்தாலும் மனம் நிற்காது. பதின்ம வயதினரிடம் எரிச்சலாகவும் வெளிப்படும்.

ஆசிரியர்களே, அந்த மாணவனைச் "சோம்பேறி" என்றால் அவன் மறுபடி வாய் திறக்க மாட்டான். "கொஞ்ச நாளா நீ சரியா இல்லையே, என்னப்பா ஆச்சு?" என்று தனியே கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பள்ளி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். "சாகணும்போல இருக்கு" என்றால் அவனைத் தனியே விடவே வேண்டாம். உடனே பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

மாணவர்களே, அரசாங்க கிளினிக்கிலும் இதற்கு மருத்துவரைப் பார்க்கலாம். ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். குணமாகச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். மனம் தாங்காத இரவில் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூரை அழையுங்கள்: 03-76272929.