வாகைக்குளத்திலிருந்து மீனம்பாக்கம் எவ்வளவு தூரம்?

தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் சுமார் 530 கிலோமீட்டர் ஆகும். உருண்டையான புவிப்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகிய இதனைப் பெருவட்டத் தூரம் என்பர். 1,852 மீட்டரை ஓர் அலகாகக் கொண்ட கடல் மைலில் அளக்கும் விமானிகளுக்கு இது ஏறத்தாழ 286.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் விமானம் இத்தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகவேண்டும் என்றாலும், கால அட்டவணை ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியே காட்டுகிறது. விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான முழு நேரமும் அட்டவணையில் சேர்வதாலும், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பதாலும், காற்றை எதிர்கொண்டு இறங்குவதற்காகச் சில வேளைகளில் சுற்றி வரவேண்டியிருப்பதாலும் இந்த வேறுபாடு உண்டாகிறது. நெடும்பயணத்தில் பொருட்படுத்தத் தேவையற்ற இந்த அரைமணி, குறும்பயணத்தில் பெரும் பங்காகிவிடுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில் வீட்டுவாசலிலிருந்து புறப்படுபவருக்குக் கணக்கு இன்னும் நீள்கிறது. நிலையத்தை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலும், பாதுகாப்புச் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி நேரமும், பறப்பதற்கு மற்றோர் ஒன்றரை மணி நேரமும், பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னை நெரிசலைக் கடக்க மேலும் ஒன்றரை மணி நேரமும் எனக் கூட்டினால் ஐந்தரை மணி நேரம் கடந்துவிடும். சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். தூத்துக்குடி–சென்னை ரயிலான முத்துநகர் எக்ஸ்பிரஸின் 11 மணி நேரத்தோடு ஒப்பிட இது பாதிதான் எனினும், இரவுத் தூக்கத்தையும் கட்டணத்தையும் கருதி ரயிலை விடாதவர்களின் கணக்கும் தவறன்று.

1992இல் திறக்கப்பட்ட வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் சுமார் 1,350 மீட்டர் நீளமே கொண்டிருந்தது. எடை மிகுந்த ஜெட் விமானம் மேலெழும் வேகத்தை எட்ட நீண்ட ஓட்டம் தேவை. வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், தென்மாவட்டக் கோடையில் அந்தத் தேவை மேலும் கூடும். ஆகவே இங்கு சிறு விமானங்களே வந்து சென்றன. ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. ஆயினும் சென்னைப் பயணத்தில் ஜெட் மிச்சப்படுத்துவது கால் மணி நேரத்தை ஒட்டியதே. நீண்ட ஓடுபாதையின் உண்மையான பயன் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் கடல் கடந்த ஊர்களுக்கும்தான்.

கொழும்பு அதற்குச் சிறந்த சான்று. வாகைக்குளத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 265 கிலோமீட்டர், அதாவது சென்னைத் தூரத்தில் பாதி. 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நீராவிக் கப்பல் விட்டதும் இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்திலேயே. இன்றோ சாத்தான்குளத்துக்காரர் கொழும்புக்குப் பறக்க, மூன்று மணி நேரத்துக்கு மேல் வடக்கே மதுரைக்குச் சாலைவழி சென்று, அங்கிருந்து 350 கிலோமீட்டர் தெற்கு நோக்கித் திரும்பவேண்டியிருக்கிறது. ஓடுபாதை போதிய நீளம் பெற்றுவிட்ட நிலையில், சுங்கத்துக்கும் குடிவரவுச் சோதனைக்கும் ஏற்பாடு செய்து கொழும்புச் சேவையைத் தொடங்குமாறு கோருவதே இம்மாவட்ட மக்கள் முதலில் செய்யவேண்டியது.