குழந்தையைக் குறை சொல்வதற்கு முன்

காய்ச்சல் குறையவில்லை என்று குழந்தையை மீண்டும் மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறோம். 'மருந்தை வேளை தவறாமல் கொடுத்தீர்களா?' என்றுதான் அவர் முதலில் கேட்பார். வாசிக்கத் தடுமாறும் ஒரு குழந்தையைப் பற்றி, பள்ளிகளில் நாம் இப்படிக் கேட்கிறோமா?

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைக்க, 2022ம் ஆண்டில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புகளின் குழந்தைகளை, அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, அதற்கேற்ற பயிற்சிகளைக் கொடுப்பது அதன் வழி. நல்ல வழிதான். ஆனால், எந்தத் திட்டமும் வகுப்பறையில் பிரமாணிக்கமாய் நிறைவேற்றப்பட்டால்தான் அரும்பு மொட்டாகும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவிக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் தனி வாசிப்புப் பயிற்சி எனத் திட்டமிடுகிறோம். மொத்தம் 150 நிமிடம். ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாள் ஆசிரியர் கூட்டத்திற்குச் சென்றுவிட்டார். இன்னொரு நாள் ஆண்டுவிழா ஒத்திகை. எஞ்சிய இரு நாளும் 15 நிமிடமே கிடைத்தது. ஆக, அவள் பெற்றது 30 நிமிடம், ஐந்தில் ஒரு பங்கு. வாரந்தோறும் இப்படியே நடந்து, மூன்று மாதம் கழித்து, 'எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் மண்டையில் ஏறவில்லை' என்று நாம் எழுதினால், அது அநீதியல்லவா?

இந்த அநீதியைத் தடுக்க அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. முறையான வாசிப்புப் பயிற்சியோ, கணிதப் பயிற்சியோ கிடைக்காததுதான் பின்தங்கியதற்கு முக்கிய காரணம் எனில், அக்குழந்தையை மாற்றுத்திறனாளி என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது, 2004ம் ஆண்டில் திருத்தப்பட்ட அந்நாட்டின் மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டம்.

எனவே, நாம் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. பயிற்சி எத்தனை நாள், எத்தனை நிமிடம் நடந்தது? சொல்லப்பட்ட முறையில் நடந்ததா? குழந்தை அதில் ஈடுபட்டதா? முதல் கேள்விக்கு, அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். மற்றவற்றிற்கு, தலைமையாசிரியர் அவ்வப்போது வகுப்பில் அமர்ந்து பார்க்க வேண்டும். பதிவேட்டை மட்டும் நம்பினால், நடக்காத வகுப்புக்கும் கையெழுத்து விழும்.

இது ஆசிரியரைக் குற்றம் பிடிக்கும் வேலை அல்ல. தொலைந்த நிமிடங்கள் ஏன் தொலைந்தன என்று அறிந்து, அவற்றைக் குழந்தைக்கு மீட்டுக் கொடுக்கும் வேலை. சொன்னபடி செய்தும் பலனில்லை என்றால், திட்டத்தை மாற்றுவோம். குழந்தைமீது தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம்.