முகமறியாக் கொடை

கொடையைப் போற்றுவதில் தமிழிலக்கியம் என்றும் சலித்ததில்லை. புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து தராசுத் தட்டில் இட்ட மன்னனைச் சோழர் குலத்து முன்னோனாகச் சங்கப் புலவர் பாடினர். கீழக்கரையில் வாழ்ந்து, உமறுப் புலவரை ஆதரித்த வள்ளலைச் ‘செத்தும் கொடுத்த சீதக்காதி’ என்று தமிழகம் இன்றும் நினைவுகூர்கிறது. பொன்னையும் பொருளையும் ஒருவர் இறந்த பின்னும் பிறருக்குச் சேரச் செய்யலாம். உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கும்போது மட்டுமே கொடுக்கத்தக்க கொடை ஒன்று உண்டு. அதுவே குருதிக்கொடை.

மகப்பேற்றின்போது குருதிப்பெருக்கால் துவளும் தாய், சாலை விபத்தில் சிக்கியவர், புற்றுநோய் மருத்துவம் பெறுபவர், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றிக்கொண்டே வாழ வேண்டிய தலசீமியாக் குழந்தை ஆகியோரின் தேவையை நிறைவு செய்யும் அளவுக்குக் குருதியை ஆக்கித் தரும் தொழிற்சாலை எங்கும் இல்லை. மனிதர் கொடுத்தால்தான் மனிதருக்குக் கிடைக்கும். அக்கொடை எவ்வாறு பயன் தருகிறது, அதில் நம் கடமை யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

அறிவியல் திறந்த வழி

ஒருவர் குருதியை மற்றொருவருக்கு ஏற்றும் முயற்சி முற்காலத்தில் பலமுறை மரணத்தில் முடிந்தது. அதன் காரணத்தைத் துலக்கியவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். மனிதக் குருதி ஒரே தன்மையது அன்று என்பதை அவர் 1901-இல் வெளியிட்டார். ஏ, பி, ஓ என்னும் வகைகள் முதலில் அறியப்பட்டன. ஏபி வகை 1902-இல் சேர்ந்தது. இதற்காக 1930-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆர்.எச். கூறு 1940-இல் தெளிவுபடுத்தப்பட்டது. மிக அரிதான வகையொன்று 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்டு, அந்நகரின் பெயராலேயே வழங்குகிறது.

1914-இல் மற்றொரு வாயில் திறந்தது. சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பது அவ்வாண்டில் கண்டறியப்பட்டது. அதுவரை கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே இருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் இருவரும் ஒருவரையொருவர் காணாமலே கொடை நிகழ வழி பிறந்தது.

விலைப்பொருள் கொடைப்பொருளான கதை

நம் நாட்டில் நெடுங்காலம் குருதி விற்பனைப் பொருளாக இருந்தது. வறுமையால் அடிக்கடி குருதி விற்றுப் பிழைத்தோர் பலர். பணத்தை நாடியவர் தம் நோயை மறைத்தால், அந்நோய் வாங்கியவரையும் பற்றியது. 1986-இல் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டபோது இவ்வாபத்தின் கடுமை புலனாயிற்று. பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து குருதி விற்பனை தடை செய்யப்பட்டது.

குருதியை விலைக்கு விற்றல் ஆகாது, உயிர்காக்கும் தேவைக்கு விலையின்றி அளித்தல் ஆகும் என்பதே மார்க்க அறிஞர் பலரின் கருத்துமாகும். சட்டமும் சமயநெறியும் ஈண்டு ஒன்றுபடுவதைக் காண்கிறோம். ‘இலவசமாகக் கொடுத்ததற்கு மருத்துவமனையில் பணம் கேட்கிறார்களே’ என்று சிலர் வினவுவர். பை, பரிசோதனை, பிரித்தல், குளிரில் காத்தல் ஆகிய செலவுகளுக்கே அக்கட்டணம். குருதிக்கு விலை இல்லை.

யார் கொடுக்கலாம்?

18 முதல் 65 வயதிற்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுடைய நலமுள்ளோர் கொடுக்கலாம். அறுபது வயதைக் கடந்தவர் முதன்முறையாகக் கொடுக்க இயலாது. நூறு மில்லி லிட்டர் குருதியில் ஈமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆடவர் 90 நாள்களுக்கு ஒருமுறையும், பெண்டிர் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். எடுக்கப்படுவது 350 மில்லி லிட்டர். 55 கிலோவுக்கு மேற்பட்டோரிடம் 450 வரை எடுப்பர். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ளது. வெளியேறிய நீர்ப்பகுதி ஓரிரு நாள்களிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் நிறைகின்றன.

மாணவியர் பலர் இரத்தசோகையின் காரணமாகத் திருப்பி அனுப்பப்படுகின்றனர். அதனை இழிவாகக் கருதலாகாது. தன் குறையை அறிந்து, மருத்துவம் பெற்று நலமடைவதும் முகாம் தரும் நன்மையே.

உறவினர் குருதியே சிறந்ததா?

‘தேவை வரும்போது உறவினர் கொடுத்துக்கொள்ளலாம்’ என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. குருதியை எடுத்த உடனே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., இருவகைக் கல்லீரல் அழற்சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான சோதனைகள் முடிய வேண்டும். குருதிப்பெருக்கில் தவிக்கும் தாய்க்கு அந்நேரம் கிடைப்பதில்லை. நேற்றே ஒருவர் கொடுத்து, சோதித்து வைக்கப்பட்ட பையே இன்று அவரைக் காக்கும். நெருங்கிய இரத்த உறவினரின் குருதியில் அரிதான, ஆனால் கொடிய ஓர் ஆபத்தும் உண்டு. ஏற்றப்பட்ட வெள்ளணுக்கள் பெற்றவரின் உடலையே தாக்கக்கூடும். ஆகவே அத்தகைய குருதியைக் கதிரியக்கத்திற்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுவர். எனவே முன்பின் அறியாத ஒருவர் முன்கூட்டியே கொடுத்த கொடையே பெரும்பாலும் உயிர்காக்கிறது.

அமானிதம்

பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அண்மையில் தொற்றிய கிருமியைச் சோதனை சில வாரங்கள் வரை காட்டாமற் போகலாம். ஆதலின் முகாமில் கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மையான விடை தருதல் இன்றியமையாதது. நண்பர் முன்னிலையில் வெட்கப்பட்டு மறைத்தல் ஒருவரின் உயிருக்கே உலையாகும். ஐயமிருப்பவர் அன்று கொடாமல் திரும்புவதே அறம். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாக இவ்வுண்மையைக் கருத வேண்டும்.

தொண்டர் பணி

கொடுக்க இயலாதவரும் முகாமில் தொண்டாற்றலாம். பெயர் பதிதல், வரிசையை ஒழுங்கு செய்தல், பெண்களுக்குத் தனித் தடுப்பு அமைத்தல், கொடுப்பதற்கு முன் நீர் அருந்தச் செய்தல், கொடுத்தபின் சிற்றுண்டி அளித்துக் கால் மணி நேரமேனும் அமரவைத்துக் கவனித்தல் ஆகியன அவர்தம் பணிகள். முதன்முறை கொடுக்கும் இளைஞர்க்கே மயக்கம் மிகுதியாக வரும். அருகிலிருந்து இன்சொல் கூறும் தொண்டர் அவருக்குப் பெருந்துணையாவார்.

ஆண்டுக்கு ஒருநாள் நூற்றுக்கணக்கானோரைத் திரட்டிப் பெருமுகாம் நடத்துவது சிறப்பெனத் தோன்றும். ஆயினும் சிவப்பணுக்கள், சேர்க்கும் கரைசலுக்கேற்ப, 35 அல்லது 42 நாள்களே தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள்கள். ஒருநாள் குவிந்த கொடை மிஞ்சி வீணாகலாம்; பின்வரும் மாதங்களில் நோயாளி தவிக்கலாம். கல்லூரி விடுமுறையிலும் ரமளானிலும் வரவு குறைகிறது. நோயோ விடுமுறை அறியாது. நோன்போடு இருப்பவரிடம் குருதி எடுக்கப்படுவதில்லை. நோன்பு துறந்து, உண்டு, நீர் அருந்தியபின் இரவில் கொடுக்கலாம். ரமளானுக்கு முன்னரும் கொடுக்கலாம். மார்க்க ஐயங்களை உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளியலாம்.

ஆகவே மாணவரை வகை வாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டு, மாதந்தோறும் சிலராக இரத்த வங்கிக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டமும் ஊர் ஜமாஅத்துகளும் கைகோத்துச் செய்தல் வேண்டும். பெரியோர் பள்ளிவாசலில் ஒரு சொல் சொன்னால் தயங்கும் பெற்றோரும் இசைவர்.

குருதிப் பையின் மேல் வகையும் எண்ணும் நாளும் எழுதப்படும். கொடுத்தவரின் சாதியோ சமயமோ அங்கு இடம்பெறுவதில்லை. அது எந்த வீட்டு விளக்கை அணையாமற் காத்தது என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத ஈகையை உயர்வாகப் போற்றும் மரபினர் நாம். அந்த ஈகைக்கு இதனினும் ஏற்ற வாய்ப்பு எது? கொடுப்போம், முறையாகக் கொடுப்போம், ஆண்டு முழுவதும் கொடுப்போம்.