வேட்டையாடிய மேரி

கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபோது சுற்றிலும் புதர்க்காடும் ஏரியும் மிகுதி. இன்று அக்காட்டின் எச்சத்தைக் கல்லூரி வளாகத்தில் காணலாம். செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் இத்தகைய காடுகளில் பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் அத்தொழிலை நிறுத்திற்று. 1978இல் தோன்றிய கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக அவருட் சிலர் நஞ்செடுக்கும் தொழிலை மேற்கொண்டனர்.

காடு அழிந்தால் அதனோடு வாழ்ந்தவர் என்னாவர்? வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் (1926–2016) 'வேட்டை' என்னும் சிறுகதை இதனைப் பேசுகின்றது. கதைத்தலைவி மேரி, ஓராவோன் குலத்துத் தாய்க்கும், கைவிட்டுச் சென்ற வெள்ளையன் ஒருவனுக்கும் பிறந்தவள். இரு சாராருக்கும் அயலாள். சால் மரங்களை, நம் இராமாயணம் கூறும் மராமரங்களை, அற்ப விலைக்கு வாங்கி வீழ்த்த வருகிறான் ஓர் ஒப்பந்தக்காரன். அவளையும் அவ்வாறே அடையலாம் எனக் கருதுகிறான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்டிர் வேட்டைக்குச் செல்லும் திருநாள் வருகின்றது. அன்று மேரி அவனையே வேட்டையாடுகிறாள்!

வெட்டுண்ட மரங்கள் இதனால் மீளா. ஆயினும், கலப்புப் பிறப்பினள் என்று விலக்கப்பட்டவளே குலவழக்கத்துக்கு உயிரூட்டுகிறாள். கதையின் உயிர்நாடி இதுவே என்பேன்.

அமெரிக்காவில் இவ்வகையில் குறிக்கத்தக்கவர் லெசுலி மார்மன் சில்கோ. லகூனா பழங்குடி, மெக்சிகர், வெள்ளையர் என மூவழியிலும் வந்தவர். அவருடைய மக்களின் நிலத்தை யுரேனியச் சுரங்கம் கிழித்தது. மகாசுவேதாவோ ஓராவோன் குலத்தவர் அல்லர். இருவரையும் அடுத்தடுத்துப் படித்து, உள்ளிருந்து எழும் குரலுக்கும் அருகிருந்து கேட்டெழுதிய குரலுக்கும் உள்ள வேற்றுமையை ஆராய்க.