நாற்பதில் ஒரு தொடக்கம்

"பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவருக்கு அலுவலகம் இருக்கிறது. இனி எனக்கு என்ன இருக்கிறது?" நாற்பதை நெருங்கும் நம் சகோதரிகள் பலர் மனத்தில் எழும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பவர்கள் சிலரே. வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தாய்வீடும் பக்கத்தில் இல்லை. ஆகவே, தனிமை இன்னும் கூடுதல்.

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையாரை நினைத்தாலே போதும்.

1925-இல் பர்மாவில் பிறந்த இவர், திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியையாகப் பணியாற்றினார். கணவர் பேராசிரியர் சி. ஜேசுதாசன் தமிழறிஞர். தம்பதியர் இருவர் பெயரிலும் தமிழ் இலக்கிய வரலாறு ஒன்று 1961-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம், வீதியில் மலையாளம். நம் வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தானே!

1964-இல் அவரது முதல் நாவல் 'புத்தம் வீடு' வந்தது. அப்போது அவருக்கு வயது 39. குமரி மாவட்டப் பனைவிளைக் கிராமத்தில், வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபட்ட லிஸி என்ற பெண்ணின் கதை அது. பனையேறிக் குடும்பத்துத் தங்கராஜை அவள் விரும்புகிறாள். அந்த மண்ணின் பேச்சுத் தமிழிலேயே கதை நடக்கிறது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது குமரி தமிழகத்தோடு இணைந்தது. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் இருந்தவரின் எழுத்தில் அப்பாலுள்ள ஊர் உயிரோடு இருந்தது.

பின்னர் 'டாக்டர் செல்லப்பா' 1967-இலும், 'அநாதை' 1978-இலும், 'மா-னீ' 1982-இலும் வந்தன. எழுபது வயதைக் கடந்த பிறகும் ஓயவில்லை. தமிழ் இலக்கிய வரலாற்றை நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்தில் எழுதினார். முன்பு கணவரோடு சேர்ந்து செய்த பணியை, முதுமையில் தம் பெயரில் விரிவாக்கினார். 2012-இல் காலமானார்.

குடும்பத்தை உதறிவிட்டு அவர் எழுத வரவில்லை. குடும்பம்தான் எல்லாம் என்று பேனாவை மூடி வைத்துவிடவும் இல்லை. நாமெல்லோரும் நாவல் எழுத வேண்டியதில்லை. பாதியில் விட்ட படிப்போ, பாட்டோ, அண்டை வீட்டுக் குழந்தைக்குத் தமிழ் கற்பிப்பதோ, ஏதேனும் ஒன்று நமக்கென இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் சமையலறைப் பொறுப்பை ஏற்கக் கணவன்மாரும் பிள்ளைகளும் முன்வர வேண்டும்.

சகோதரிகளே, நாற்பது என்பது முடிவுரை எழுதும் வயதா என்ன?