வேருக்குப் பச்சை நிறம் இல்லாதது ஏன்?

நாற்றைப் பறிக்கும்போது மேலே பசுமையும் கீழே வெண்மையுமாய் இருத்தலை உழவர் யாவரும் கண்டிருப்பர். ஒரே விதையில் தோன்றிய பயிரில் இவ்வேறுபாடு எதனால்?

பயிரின் உடல் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆயது. இலையின் உள்ளணுக்களில் பசுங்கணிகம் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. வெயிலையும் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு பயிருக்கு உணவு சமைக்கும் அடுப்புகள் இவையே. வெயில் புகாத மண்ணில் இவ்வடுப்பு எரியாது. ஆகவே வேரில் அது பொதுவாக அமைவதில்லை. இலையின் மேற்தோலிலும் பெரும்பாலான அணுக்களில் அது இல்லை. கண்ணாடிபோல் நின்று ஒளியை உள்ளே விடுவதே அத்தோலின் பணி.

ஆயினும் வேரிலும் கிழங்கிலும் நிறமற்ற கணிகங்கள் உண்டு. உருளைக்கிழங்கில் அவை மாவைச் சேமிக்கின்றன. கிழங்கு வெளிச்சத்தில் கிடந்தால் அவையே பசுங்கணிகங்களாக மாறும்; அதனோடு சொலனின் என்னும் நஞ்சும் தோலருகே மிகும். பச்சை நிறம் நஞ்சன்று, நஞ்சு கூடியமைக்கு அடையாளம். சத்துணவு மையங்களில் கிழங்கு மூட்டை இருட்டில் வைக்கப்படுகிறதா எனப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பார்த்தல் நலம்.

இனி உரக் கணக்குக்கு வருவோம். பசுங்கணிகம் மிகுந்த செலவுடையது. நெல் இலையிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதனுள்தான் இருக்கிறது. ஒளியில்லாத இடத்தில் அதனைக் கட்டுவது வீண். தழைச்சத்துக் குறையுங்கால் பயிர் கீழிலைகளின் பசுங்கணிகங்களைக் கலைத்து, அச்சத்தைக் குருத்துக்கு அனுப்புகிறது. எனவே முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலையே. குருத்து மட்டும் வெளுத்திருப்பின் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறையாம். புழுதி நாற்றங்காலில் இதனைக் காணலாம். இரும்பு பழைய இலையினின்று எளிதில் நகராது. அதற்கு யூரியா இடுவது காசைக் கரைப்பதே; வேளாண்மை விரிவாக்க மையத்தில் அளவு கேட்டு அன்னபேதிக் கரைசல் தெளித்தல் வேண்டும்.

பூவிருந்தவல்லி, ஆவடிப் பக்கங்களில் மனைகளுக்கிடையே எஞ்சிய நெல்வயல்களில், கரும்பச்சையே விளைச்சல் என்றெண்ணி யூரியாவை வாரி இறைப்போர் இன்னும் உளர். மிகுந்த தழைச்சத்து பயிரைச் சாய்க்கும், குலைநோயையும் அழைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டை இதற்கு உதவும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, முழுதும் விரிந்த இளம் இலைகள் 10-ஐ நம் உடல் நிழலில் அட்டையோடு ஒப்பிடுக. 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அந்த இரகத்திற்குக் குறித்த நிறத்தினும் வெளிறியிருந்தால் மட்டுமே மேலுரம் இடுக. கீழிலையை வைத்து அளக்கலாகாது. அது குருத்துக்குக் கொடுத்து வெளுத்த இலையாக இருக்கலாம்.